ஊரறிந்த முதுகு

அந்தச் சேர்ல உக்காராதீங்கம்மா. அது நடுவுல குழிஞ்ச சேரு. முதுகுவலின்னு வாரவங்களுக்குன்னே தேடிப் பிடிச்சு வாங்கிப் போட்டிருக்காங்க. வீட்டுலருந்து வரும்போது வலி கொஞ்சம் கம்மியா இருந்தாலும், அதுல உக்காந்து எந்திரிச்சா சரியா வந்துரும். இங்கன வாங்க, இந்த மரப்பெஞ்சுல உக்காருங்க. காலத் தொங்கப் போடாதீங்க, தரையில ஊனிக்கிடுங்க. ஆங், அப்படித்தான்.

மொத தடவையா வாரீங்களோ? அதான பாத்தேன். பெல்ட்டச் சேலைக்கு மேல கட்டியிருக்கீங்க. மொதல்ல நானும் அப்படித்தான் கட்டுனேன். நாலு பேருக்குத் தெரியாட்டி அப்புறம் என்ன வலி.

எக்சசைஸ் சொல்லிக் குடுக்குற பிள்ளை, பெனிட்டா, உள்ள இருக்கு. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரக் கைய மேல தூக்கச் சொல்லிக்கிட்டு இருக்கு. அவரு தூக்குறதுக்கு முன்னால கேள்வி கேப்பாரு. நேரமாவும். அது வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்.

டிஸ்க்கா? எல் நாலு, எல் அஞ்சா? எனக்கும் அதே இடந்தான். பாருங்க, ஒரே தெருக்காரங்க ஆயிட்டோம்.

எப்படி வந்துச்சுன்னு நீங்க கேக்கல. கேக்காத ஆளு நீங்க ஒருத்தருதான். எனக்கு எப்படி வந்துச்சுன்னு தென்காசியில எல்லாருக்கும் தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சது வேற, ஊருக்குத் தெரிஞ்சது வேற. நடந்தத நான் உங்களுக்குச் சொல்லுதேன். கல்யாணமாகி வந்த நாள்லருந்து தண்ணிக் கொடம், அரிசி மூட, இட்லி மாவு அண்டான்னு தூக்கிருக்கேன். எங்க மாமியார் படுத்த படுக்கையாக் கெடந்தப்ப அவுகளையே தூக்கிருக்கேன், அவுக சாமானியமான ஆளு இல்ல. அப்பவெல்லாம் முதுகு வாயத் தொறக்கல. ஒரு நாளு காலையில அடுப்படியில ஒரு கொத்தமல்லித் தண்டு கீழ விழுந்துச்சு. எடுப்போம்னு குனிஞ்சேன். நிமிரல.

அவ்வளவுதான் கத. ஒரு மல்லித்தண்டு.

எங்க வீட்டுல அவுக பேரு சங்கரநயினார். பேரச் சொன்னா இப்ப என்ன, இனிமே எங்க ஓடிரப் போறாக. கரண்டு ஆபீசுல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவுக. கம்பத்துல ஏறி ஏறி, எதப் பாத்தாலும் அவுகளுக்குக் கரண்டுக் கணக்குதான். நான் குனிஞ்ச வாக்குல அடுப்பு மேடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், இடது கால்ல இடுப்புலருந்து சுண்டுவிரல் வரைக்கும் சுரீர்னு இழுக்கு, கண்ணுல தண்ணியா வருது. வந்து பாத்துட்டு, "வடிவு, ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கா?"ன்னாக. ஆமான்னேன். "அப்ப வயருலதான் கோளாறு"ன்னாக. அதக் கண்டுபிடிச்ச சந்தோசம் அவுக மூஞ்சியில தெரிஞ்சுது பாத்துக்கிடுங்க.

ஆசுபத்திரிக்குப் போனோம், ஸ்கேன் எடுத்தோம். அந்தக் குழாய்க்குள்ள படுக்கப் போட்டு, காதுல பஞ்ச வச்சு, தகரக் கொட்டகையில கல்லெறிஞ்ச மாதிரி சத்தம். வெளிய வந்ததும் ஸ்கேன் படம் போட்டு ஒரு பெரிய கவரு குடுத்தாங்க. அன்னையிலருந்து எனக்கும் அந்தக் கவருக்கும் சம்பந்தம் விட்டுப் போச்சு. அது அவுக சொத்தாயிட்டு. பால் வாங்கப் போனாலும் கக்கத்துல கவரு. பேங்குக்குப் போனாலும் கவரு. வெயில்ல பிடிச்சு, "இந்தா பாருங்க, மத்ததெல்லாம் வெள்ளையா இருக்குல்லா, இது மட்டும் கறுத்துப் பிதுங்கி நிக்கி"ன்னு எல்லாருக்கும் காட்டுவாக. கல்யாண ஆல்பத்தக்கூட இப்படி ஆளாளுக்குக் காட்டல. நான் தலகுனிஞ்சு நடந்த தெருவுல என் முதுகெலும்ப எண்ணாத ஆளே கெடையாது.

எல்லாரும் கேப்பாங்கல்லா, என்னத்தத் தூக்குனான்னு? அவுக என்ன சொன்னாகன்னு நெனைக்கீங்க? சிலிண்டருன்னாக. கேஸ் சிலிண்டர். "ஏன் பொய் சொல்லுதீங்க"ன்னு கேட்டேன். "மல்லித்தண்டுன்னு சொன்னா உன்னயக் கேலி பண்ண மாட்டானுவளா"ன்னாக. கத பஜாருக்குப் போய்த் திரும்பி வரும்போது சிலிண்டர் ரெண்டாயிட்டு. கடைசியா எங்க நாத்தனா போன் போட்டு, மாடிப்படி வழியாவா தூக்கிட்டுப் போனேன்னு கேட்டா. எங்க வீட்டுல மாடியே கெடையாது.

அதுக்கப்புறம் வைத்தியம் வர ஆரம்பிச்சுது. நம்ம ஊருல எம்புட்டு டாக்டர் இருக்காங்கன்னு படுத்தாத்தான் தெரியும். ஒருத்தரு கோழிமுட்டையில பத்துப் போடச் சொன்னாரு. ஒருத்தி நல்லெண்ணெயில பூண்டு. அது சாரல் சமயம், குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதுன்னு சனம் அலைமோதுது. அவுக கூட வேல பாத்த ஒருத்தரு வந்து, மெயினருவிக்கு நேரா முதுகக் காட்டி நின்னா தண்ணியே தட்டி உள்ள தள்ளிரும்னாரு. ஆணி அடிக்கிற மாதிரி.

பக்கத்து வீட்டுச் சொர்ணத்தக்கா இருக்காளே, அவ சும்மா சொல்லிட்டுப் போற ஆளு இல்ல, கையோட கூட்டிட்டு வந்துட்டா. கால் முன்னால வந்து பொறந்தவங்க மிதிச்சா முதுகுப்பிடிப்பு போயிரும்னு சொல்லுவாங்கல்லா, நீங்களும் கேட்டிருப்பீங்க. அப்படிப் பொறந்தவன்னு அல்வாக்கடை இசக்கியக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்திட்டா. அல்வாக்கடையில இருக்கவன் எப்படி இருப்பான்? அவன் நடந்து வரும்போதே செம்புத் தண்ணி ஆடுது. "அக்கா, ஒரு மிதிதான், பூப்போல மிதிப்பேன்"ங்கான்.

எனக்கு எந்திரிச்சு ஓடவும் முடியல. எங்க வீட்டுல அவுக குறுக்க வந்து நின்னு, "மொதல்ல என்னய மிதி, எப்படி இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் அவள மிதிக்கலாம்"னு தரையில குப்புறப் படுத்துட்டாக. அவனும் மிதிச்சான். பூப்போலத்தான். அவுக தரையில கெடந்தபடியே, "வேண்டாம் இசக்கி, நீ வீட்டுக்குப் போ"ன்னாக. ஒரு வாரம் அவுகளுக்கு மூச்சு விட்டா வலி. ஒரு வீட்டுல ஒரு நோயாளி போதாதா? இப்படியும் ஒரு கூறு கெட்ட மனுசன்.

சரி, பெரிய டாக்டரப் பாப்போம்னு திருநவேலிக்குப் போனோம். பெரிய ஆசுபத்திரி, பேரு வேண்டாம். ஏசி நல்லா இருந்துச்சு. டாக்டரு மேசையில பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒண்ணு நிக்கி. கவர ஒரு தடவ வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. சின்ன ஓட்ட போட்டு, பிதுங்குனத எடுத்துருவோம், மூணாம் நாளு வீட்டுக்குப் போயிரலாம்னாரு. நான் படுத்திருந்த கட்டிலுக்கு அவரு வரவே இல்ல, எனக்கும் சேத்துக் கவரப் பாத்தாரு. இவுக, "செய்யாட்டி என்னாவும் சார்"னு கேட்டாக. அவரு நிமிந்து பாத்தாரு. கல்யாண வீட்டுல வந்து, பந்தி போடாட்டி என்னாவும்னு கேட்டா எப்படிப் பாப்பாங்க, அந்த மாதிரி.

எனக்கு ஆப்பரேசன்னா பயமெல்லாம் இல்ல. பயம்னு யாரும் சொன்னா நம்பாதீங்க. ரெண்டு தடவ பாத்ரூம் தேடிப் போனேன், அது அந்த ஆசுபத்திரி கேண்டீன் தோசை.

நான் சொல்லாம விட்டுட்டேனே, எங்களுக்கு ஒரே பையன். சிவசைலம், சைலும்போம். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேல. மருமக அபிநயா, அவளும் வேல பாக்கா. அப்ப அவ முழுகாம இருந்தா, ஐப்பசியில பேறுகாலம். அவ அம்மா பள்ளிக்கூட டீச்சரு, லீவு கெடைக்காது, அதனால நான் போயி பாத்துக்கிடணும்னு எல்லாரும் பேசி முடிவு பண்ணியிருந்தாங்க. எல்லாரும்னா என்னயத் தவிர. எனக்கு ஒண்ணும் குறையில்ல, என் பேரப்பிள்ளைய நான் பாக்காம யாரு பாப்பா.

ஆப்பரேசன்னு சொன்னதும் சைலு, "உடனே பண்ணிரலாம்மா, இப்பப் பண்ணாத்தான் ஐப்பசிக்குள்ள ரெடியாவ"ன்னான். மாவு மில்லுல கல்லு கொத்தக் குடுத்த மாதிரி, நாளு குறிச்சாச்சு.

சாமான் எல்லாம் எடுத்து வச்சாச்சு. அப்பப் பாத்து எங்க வீட்டுல அவுக, பாளையங்கோட்டையில ஒரு வயசான எலும்பு டாக்டர் இருக்காரு, அவரையும் ஒரு வார்த்த கேட்டுருவோம்னாக. லைன்ல கோளாறுன்னா ரெண்டு பக்கமும் டெஸ்ட் பண்ணிப் பாக்கணுமாம்.

அந்த டாக்டரு கவரத் தொடவே இல்ல. எங்க வீட்டுல அவுகளுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. என்னயப் படுக்கச் சொன்னாரு. கால் பெருவிரல மேல தூக்கச் சொல்லி, அவரு கீழ அமுக்கிப் பாத்தாரு. குதிங்காலால நடங்கன்னாரு, நுனிக்காலால நடங்கன்னாரு. அந்த வலியில நான் சர்க்கஸ் காட்டுதேன். ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா, அடக்க முடியுதா, உக்காருற எடத்துல மரத்துப் போச்சான்னு கேட்டாரு. புருசன முன்னால வச்சுக்கிட்டு. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்.

அப்புறம் சொன்னாரு: "டிஸ்க்குங்கறது கொழுக்கட்டை மாதிரி. வெளிய மாவு, உள்ள பூரணம். மாவு கீறிப் பூரணம் கொஞ்சம் வெளிய வந்து, பக்கத்துல போற நரம்பத் தொட்டுக்கிட்டு இருக்கு. அந்த நரம்பு காலுக்குப் போறது, அதனால காலு வலிக்கி. காலுல பெலம் இருக்கு. இப்ப கத்தி வேண்டாம். முக்காவாசிப் பேருக்கு ரெண்டு மூணு மாசத்துல தானாக் கொறஞ்சிரும். வெளிய வந்த பூரணத்த உடம்பே கொஞ்சங்கொஞ்சமாக் கரைச்சுரும்."

"அப்ப அந்த டாக்டரு சொன்னது தப்பா சார்"னு இவுக கேட்டாக.

"தப்பில்ல. ஆப்பரேசன் பண்ணுனா வலி சீக்கிரம் கொறையும். காத்திருந்தா கொஞ்சம் லேட்டாக் கொறையும். ஆனா பாதம் தொங்கிப் போச்சு, இல்ல ஒண்ணுக்கு வரல, அடக்க முடியலன்னா, அன்னைக்கே ஓடி வந்துரணும். அப்பக் காத்திருக்கக் கூடாது, கத்திதான்."

இதெல்லாம் சரி. நான் கேக்க வேண்டியத நான் கேட்டேன். "பெட் ரெஸ்ட் எத்தன மாசம் சார்?"

ஏன்னா எனக்கு ஒரு நெனப்பு இருந்துச்சு, உங்களுக்குச் சொல்லதுக்கென்ன. இத்தன வருசத்துல நான் பகல்ல படுத்தது பிரசவத்துக்கு மட்டுந்தான். கடவுளாப் பாத்து ஒரு டிஸ்க்கக் குடுத்திருக்காரு, அதச் சாக்கு வச்சு, சீட்டு எழுதி வாங்கி, ஃபேனப் போட்டுப் படுத்துக் கெடக்கலாம்னு.

அவரு சிரிச்சாரு. "ரெஸ்ட்டா? ரொம்ப வலிச்சா ஒரு நாளு ரெண்டு நாளு படுங்க. அப்புறம் எந்திரிச்சு நடங்க. படுத்தே கெடந்தா சதை பெலம் போயி வலி கூடத்தான் செய்யும். கனம் தூக்காதீங்க, குனிஞ்சு வேல செய்யாதீங்க, ரொம்ப நேரம் ஒரே எடத்துல உக்காராதீங்க. ஆனா நடக்கணும்"னாரு. வலி மாத்திரை கொஞ்சம் எழுதுனாரு. இங்கன பெனிட்டாகிட்ட எக்சசைஸ் படிச்சுக்கிடச் சொன்னாரு. ஒரு ஊசி இல்ல, ஒரு டிரிப்பு இல்ல. பாளையங்கோட்டை வரைக்கும் கார் பிடிச்சுப் போனதுக்கு, நட. நடக்க முடியலன்னுதான் போனேன்.

அன்னைக்குச் சாயங்காலமே சைலு போன் போட்டான். எங்க வீட்டுல அவுக போன ஸ்பீக்கர்ல போட்டு என் தலமாட்டுல வச்சாக.

"என்னப்பா, ஆப்பரேசன் வேண்டாம்னுட்டீங்களாமே. மூணு மாசம் வெயிட் பண்ணிட்டு, அப்பவும் சரியாவலன்னா? அபி என்ன பண்ணுவா? டேட்டெல்லாம் பிளான் பண்ணியாச்சு."

அவுக மெதுவாத்தான் சொன்னாக, டாக்டர் இப்படிச் சொன்னாருன்னு.

"ஒரு வயசான டாக்டர் சொல்லுதத வச்சு ரிஸ்க் எடுக்காதீங்கப்பா. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

எங்க வீட்டுல அவுக அவன ஒரு நாளும் அதட்டுனதில்ல. அவன் கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்து வளத்தவுக. அன்னைக்கு, "லே சைலு, அது உங்கம்மாவோட முதுகு. உன் வீட்டுக் காலண்டர் இல்ல"ன்னாக. சொல்லிட்டுப் போன வச்சுட்டாக. போயி கொல்லையில நின்னுக்கிட்டு இருந்தாக.

தேவையா இது? பிள்ளையப் பகைச்சுக்கிட்டு? அதுக்கப்புறம் அவன் ரொம்ப நாளு போன் போடல. எனக்கு வலி ஒரு பக்கம், இது ஒரு பக்கம். "பேசாம வெட்டிருக்கலாம்லா, என் பிள்ளை பேசிக்கிட்டாவது இருந்திருப்பான்"னு நான் ஒரு பாட்டம் அழுதேன். அவுக காப்பி போட்டுக் கொண்டாந்தாக. காப்பியா அது. சீனிக்குப் பதிலா உப்பப் போட்டு. மூஞ்சியப் பாத்துட்டுக் குடிச்சுத் தொலைச்சேன்.

சமையலுக்கு அவுகதான் வந்தாக. ஆள் வைப்போம்னேன், கேக்கல. மொத வாரம் ரசம்னு ஒண்ணு வச்சாக, அதுல கை கழுவலாம். நான் கட்டில்ல படுத்துக்கிட்டு இங்கேருந்து சத்தம் போடுவேன், "கடுகு வெடிக்கட்டும், அவசரப்படாதீங்க"ன்னு. அங்கேருந்து, "வெடிச்சிட்டு, அடுத்து என்ன"ன்னு சத்தம் வரும். தெருவுல போறவங்களே எங்க சத்தத்தக் கேட்டே சமையல் படிச்சிருப்பாங்க. போகப் போக கொஞ்சம் தேறிட்டாக. இப்ப அவுக வைக்கிற வத்தக்கொழம்பு சுமாரா இருக்கும். அவுக காதுல விழ இதச் சொன்னதில்ல. சொன்னா அப்புறம் அடுப்படியில நமக்கு எடம் இருக்காது.

காலையில எந்திரிச்சதும் சாமி கும்புடுவாகல்லா, அதுக்கு முன்னால என் கால்மாட்டுல வந்து நிப்பாக. "வடிவு, பெருவிரலத் தூக்கு." தூக்குவேன். "ஒண்ணுக்குச் சரியாப் போச்சா?" போச்சும்பேன். "மரத்துப் போகலையே?" இல்லம்பேன். அப்புறந்தான் நெத்தியில துந்நூறு. கட்டுன நாள்லருந்து என் மூஞ்சிய இம்புட்டு உத்துப் பாத்ததில்ல மனுசன், பெருவிரலப் பாக்காக.

அப்புறம் நட. பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போவாக. மொதல்ல வாசல்லருந்து தெருமுக்கு வரைக்குந்தான் முடிஞ்சுது. செருப்ப அவுகளே கீழ குனிஞ்சு மாட்டி விடுவாக, நான் குனியக் கூடாதுல்லா. சொர்ணத்தக்கா ஜன்னல்ல நின்னு பாப்பா. எனக்கு வெக்கமாப் போவும். சாரல் தூத்திக்கிட்டு இருக்கும், ஒரு கையில கொட, ஒரு கையில என் முழங்கை. ஒரு எட்டு வச்சு நிப்பேன், அவுகளும் நிப்பாக. எப்பவாவது, "இந்தக் கம்பம் நான் போட்டது"ம்பாக. தெரு பூரா அவுக கம்பந்தான். என்னத்தச் சொல்ல.

இங்கன பெனிட்டாகிட்ட வந்தா, குப்புறப் படுத்து நெஞ்ச மட்டும் தூக்கு, மல்லாக்கப் படுத்து இடுப்பத் தூக்குன்னு சொல்லும். இத்துனூண்டு பிள்ளை. ஒரு நாளு, "பாதத்துல வலி இல்ல, இடுப்புலதான் நிக்கி"ன்னு அழுதுக்கிட்டே சொன்னேன். அது கைதட்டுச்சு. "சூப்பர் ஆன்ட்டி, வலி கால்லருந்து மேல ஏறுனா நல்ல அறிகுறி"ங்குது. எனக்கு வலி ஊர்வலம் போவுது, அது கைதட்டுது. ஆனா அது சொன்னதுதான் சரி. கால விட்டு வலி போச்சு. நடக்க முடிஞ்சுது. மைதானத்த ஒரு சுத்து சுத்தி வர முடிஞ்சுது.

நல்லாயிட்டுன்னு நெனச்சதும் நம்ம சும்மா இருப்போமா? அவுக ரேசன் கடைக்குப் போயிருந்த நேரம் பாத்து, நனஞ்ச துணி வாளியத் தூக்கிட்டேன். தூக்குனது மட்டுமில்ல, தூக்கிக்கிட்டுத் திரும்புனேன். மறுபடியும் சுரீர். மொத நாள விட ஜாஸ்தி. கொல்லையில சுவரப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், எம்புட்டு நேரம்னு தெரியல. அவுக வந்து பாத்து, ஒரு வார்த்த திட்டல. திட்டிருந்தாலாவது நல்லா இருந்திருக்கும். தூக்கிட்டுப் போயி படுக்கப் போட்டாக.

அப்ப நான் சொன்னேன், எனக்கு இனிமே முடியாது, திருநவேலிக்குப் போன் போடுங்க, நாளைக்கே வெட்டட்டும்னு. அழுகையா வருது. அத்தனையும் வீணாப் போச்சேன்னு. பிள்ளையும் பேசல, முதுகும் போச்சு.

அவுக கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்தாக. "சரி வடிவு. உன் முதுகு, நீ சொன்னாப் போயிருவோம். நான் பிடிச்ச பிடிக்காக நீ வலியில கெடக்க வேண்டாம். சைலுகிட்டயும் நான் பேசுதேன். ஆனா போறதுக்கு முன்னால பாளையங்கோட்டைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிடுவோமா?"ன்னாக.

கேட்டாக. அவரு போன்ல என்ன சொல்லுவாருன்னு நெனைக்கீங்க? "பெருவிரலத் தூக்கச் சொல்லுங்க." நான் தூக்குனேன். அந்த நேரம் பாத்து நல்லாத் தூக்குது, துரோகி. "ஒண்ணுக்குப் போகுதா?" போகுது. "அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. இது நடுவுல நடுவுல இப்படிக் கிளம்பும். ரெண்டு நாளு மாத்திரை போட்டுக் கொறைச்சுக்கிட்டு, மறுபடியும் மெதுவா நடக்கச் சொல்லுங்க. அந்த வாளிய மட்டும் எங்கயாவது ஒளிச்சு வைங்க"ன்னாரு. வாளிய அவுக சொர்ணத்தக்காவுக்கே குடுத்துட்டாக. நல்ல வாளி, புதுசு.

மறுபடியும் தெருமுக்குலருந்து ஆரம்பிச்சோம். மறுபடியும் கொட, மறுபடியும் கம்பம்.

ஐப்பசியில பிள்ள பொறந்துச்சு. பொம்பளப் பிள்ள. அபிநயாவோட அம்மா லீவு போட்டுட்டு வந்தாளாம். போட முடியாத லீவுன்னாங்கல்லா, போட்டா. பூமி ஒண்ணும் நின்னு போகல. சைலுதான் போன் போட்டான். "அம்மா, உன்ன மாதிரியே மூக்கும்மா"ன்னான். அம்புட்டு நாளு பேசாதவன் மூக்கப் பத்திப் பேசுதான். நான் அவுககிட்டப் போனக் குடுத்துட்டேன். அவுக ரொம்ப நேரம், ஊம், ஊம்னு மட்டும் சொன்னாக.

கார்த்திகையில ரயிலேறிப் போனோம். பெனிட்டாதான் பிள்ளையத் தூக்கச் சொல்லிக் குடுத்துச்சு. குனியக் கூடாது, முழங்கால மடக்கி உக்காந்து, பிள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எந்திரிக்கணும்னு. ஒரு தலகாணிய வச்சு இந்த ரூம்லயே பழகுனேன். பெங்களூருக்குப் போயி மொத தடவ அப்படித் தூக்கும்போது, எல்லாரும் பிள்ளையப் பாக்காங்க, எங்க வீட்டுல அவுக மட்டும் என் முழங்காலப் பாக்காக. "சரியா மடங்குச்சு"ன்னாக. பேத்தியப் பாத்து மொதல்ல சொன்ன வார்த்த அது.

அபிநயாவுக்கும் பேறுகாலத்துக்கு அப்புறம் இடுப்பு வலி. வாய விட்டுச் சொல்லல. நான் கூடத்துல பாய் விரிச்சு என் எக்சசைஸப் பண்ணிக்கிட்டு இருக்கேன், வந்து நின்னு, "அத்தை, அத எனக்கும் சொல்லித் தாங்க. ஆனா நான் பண்ணலாமான்னு எங்க டாக்டரக் கேட்டுக்கிடுதேன்"னா. கேட்டுட்டு வந்தா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல மல்லாக்கப் படுத்து இடுப்பத் தூக்குவோம். நாலாம் நாளோ என்னமோ, சைலு ஆபீஸ் போற சட்டையோட வந்து, "அம்மா, நாள் பூரா உக்காந்து எனக்கும் முதுகு பிடிக்கி. இது நானும் பண்ணலாமா?"ன்னான். தப்புன்னு ஒரு வார்த்த சொல்ல அவனுக்கு வாய் வரல, குப்புறப் படுக்க மட்டும் வருது. படுலேன்னேன். தாத்தா பேத்திய மடியில வச்சுக்கிட்டு உக்காந்து, எங்க மூணு பேரையும் பாத்துக்கிட்டு இருந்தாக. பெரிய ட்ரில் மாஸ்டரு.

பிள்ளைக்கு ஒரு வயசாகிற வரைக்கும் இருங்கம்மான்னான் சைலு. இருக்கலாம்தான். பிள்ளை அவ்வளவு அழகு. ஆனா எனக்கு டிஸ்க்கு இருக்குல்லா. அந்தக் குளுருக்கு ஆவாது, முதுகு விறைக்கின்னேன். சைலு அப்பாவப் பாத்தான். அவுக என்னயப் பாத்தாக. குளுரப் பத்தி டாக்டர் ஒண்ணுமே சொன்னதில்ல. "ஆமாப்பா, டாக்டர் சொல்லியிருக்காரு"ன்னாக, கூசாம. ஒரு மல்லித்தண்டுக்கே சிலிண்டருன்னு பொய் சொன்ன மனுசன்தான. வேலைக்கு ஒரு அம்மாவ அமத்திக் குடுத்துட்டு, தை பொறக்கதுக்குள்ள ஊருக்கு வந்துட்டோம். மாசத்துக்கு ஒருக்கப் போயி பாத்துட்டு வாரோம்.

இப்ப வலியா? எங்க, வலியெல்லாம் இல்ல. இருக்கும், உள்ள இருக்கும். பெனிட்டா சொல்லுது, "ஆன்ட்டி, நீங்க இனிமே வர வேண்டாம், வீட்டுலயே பண்ணுங்க, நீங்க என்னய விட நல்லா குனிஞ்சு நிமிருதீங்க"ன்னு. அதுக்கென்ன தெரியும், சின்னப் பிள்ளை. நான் வாரத்துக்கு ஒருக்க வந்துருவேன். அப்புறம், "இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாருங்க, பிதுங்குனது கரைஞ்சு போயிருக்கும்"ங்குது.

எதுக்குங்கேன். எடுத்துப் பாத்து, ஒண்ணுமே இல்லன்னு வந்துட்டா என்ன செய்ய? அது பாட்டுக்கு இருக்கட்டும். ஒரு வீட்டுல எல்லாரும் இருக்கும்போது ஒரு டிஸ்க்கும் இருந்துட்டுப் போவட்டுமே.

உங்க பேரக் கூப்புடுது பாருங்க. வாத்தியார் ஒரு வழியா கையத் தூக்கிட்டாரு போல. போங்க, பயப்படாதீங்க. மெதுவா, பெஞ்சப் பிடிச்சு, நேரா எந்திரிங்க.

எனக்கும் நேரமாச்சு. வாசல்ல அவுக வந்து நிக்காக, அந்த வேப்பமரத்துக்குக் கீழ. ஆட்டோல போயிரலாம், கேக்க மாட்டாக, நடக்கணும்பாக. நானும் சரி தொலையுதுன்னு நடப்பேன். மெதுவாத்தான் நடப்பேன். பெனிட்டா, கொஞ்சம் வேகமா நடங்க ஆன்ட்டின்னுதான் சொல்லுது. வேகமா நடந்தா வீடு வந்துருதே.